புதிய புனைகதைகளும் சொல்லின் ஆற்றலும்

(சிற்றூர் நூலகம் ஒன்றில் கூடிய தமிழன்பர்களின் திங்கட் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



அண்மைக் காலத்தில் உலக மொழிகளில் வெளிவந்து புகழ்பெற்ற புனைகதைகளைப் பற்றி ஒரு படிப்பாளன் என்ற முறையில் என் கருத்தைக் கூறுமாறு பணித்துள்ளீர்கள். தலைப்பை அறிவிப்புத் தாளில் கண்ட அன்பர் ஒருவர், "ஐயா, தனித்தமிழ் பேசும் நமக்கு மந்திரக்காரனும் பறக்கும் பாம்பும் வரும் அயல்நாட்டுக் கதைகள் எதற்கு?" என்று வினவினார். வினவ வேண்டிய வினாதான். அதற்கு விடையாகவே இவ்வுரையை அமைத்துக்கொள்கின்றேன்.

இயற்கைக்கு மாறானவற்றைக் கூறும் கதைகள் எல்லாம் குருட்டு நம்பிக்கையை வளர்ப்பன என்று கருதுவோர் நம்முள் உளர். நம்பச் சொல்லி ஏய்க்கும் கதை வேறு. 'இது புனைவு' என்று முகப்பிலேயே அறிவித்துவிட்டு நம்மைச் சிந்திக்க வைக்கும் கதை வேறு. முன்னது அறிவுக்கு விலங்கு பூட்டும். பின்னது அறிவுக்குச் சிறகு தரும். நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைப் பிரித்துணர்ந்து, இலக்கிய நெறி அவ்விரண்டன் கலப்பால் அமைவது என்று காட்டியவர் நம் தொல்காப்பியர். ஆகவே, உள்ளதை உள்ளவாறே கூறும் புதினமும், இல்லாததைப் புனைந்து கூறும் மிகுபுனைவும் நமக்குப் புதியன அல்ல. அவற்றை எந்த அளவுகோலால் அளப்பது என்பதே கேள்வி.

என் கையில் உள்ள அளவுகோல் ஒன்றே. இந்நூலில் சொல்லுக்கு என்ன வேலை? சொல் இங்கே கதையைச் சுமந்து செல்லும் வெறும் வண்டியா, அன்றிக் கதையின் உயிரா? இவ்வளவுகோலைக் கொண்டு படித்தபோது, இக்காலத்துச் சிறந்த புனைகதைகள் சிலவற்றில் சொல்லே கதைத்தலைவனாக நிற்பதைக் கண்டேன். மொழியைப் பற்றிக் கவலைப்படுவோர் நாம் மட்டுமே என்று எண்ணியிருந்தோமாயின், அவ்வெண்ணத்தை இந்நூல்கள் மாற்றிவிடும்.

முன்னோடிகள் இருவர்

புதியவற்றுக்குப் போகுமுன், வழிகாட்டிய இருவரைச் சுருக்கமாகக் கூறிவிடுகின்றேன். ஒருவர், 'மோதிரங்களின் தலைவன்' என்னும் பெருங்கதையை 1954, 1955ஆம் ஆண்டுகளில் மூன்று மடலங்களாக வெளியிட்ட தோல்கீன். அவர் ஆக்சுபோர்டுப் பல்கலைக்கழகத்தில் பழைய ஆங்கிலம் கற்பித்த மொழியறிஞர். தம் கதைக்காக மொழிகளை உண்டாக்கவில்லை. தாம் உண்டாக்கிய மொழிகளுக்கு ஓர் உலகம் வேண்டுமே என்றுதான் கதையைப் படைத்ததாக அவரே கூறியுள்ளார். அந்நூலைச் சுவீடிய மொழியிலும் தச்சு மொழியிலும் பெயர்த்தோர் பெயர்களைக் கையாண்ட முறை அவருக்குப் பிடிக்கவில்லை. எனவே மொழிபெயர்ப்பாளர்க்கென்றே ஒரு பெயர்க் கையேட்டை எழுதினார். அது அவர் மறைந்த பின் 1975இல் அச்சில் வந்தது.

அக்கையேடு கூறுவது என்ன? கதையில் ஆங்கிலச் சொல்லால் அமைந்த பெயர்களை ஆங்கில ஒலியிலேயே வைக்காதீர்கள். உங்கள் மொழியில் பொருள் தோன்றப் பெயர்த்திடுங்கள் என்பதே. கதைத்தலைவனின் குடும்பப் பெயராகிய 'பேகின்சு' என்பதில் 'பை' என்னும் பொருள் ஒலிக்க வேண்டும் என்கின்றார். 'இரிவெண்டெல்' என்னும் இடப்பெயரைப் பிளவுபட்ட பள்ளத்தாக்கு என்னும் பொருளால் பெயர்க்கலாம் என்கின்றார். அன்பர்களே! மலைப்பிளவைக் குறிக்க நம்மிடம் 'விடர்' என்னும் சங்கச் சொல் ஈராயிரம் ஆண்டுகளாகக் காத்துக் கிடக்கின்றது. அவ்விடத்தை 'விடர்ப்பள்ளம்' என்று எழுதினால் எந்தத் தமிழ்ச் சிறுவனுக்கு அது விளங்காது? ஆங்கில மூலத்தின் ஆசிரியரே 'உன் மொழியில் சொல்' என்று வேண்டும்போது, 'இல்லை, உம் மொழியிலேயே இருக்கட்டும்' என்று நாம் முந்திக்கொண்டு பணிவதற்கு என்ன பெயர்?

மற்றொருவர், 2018இல் மறைந்த அமெரிக்க எழுத்தாளர் உருசுலா இலெ குவின். 1968இல் வெளிவந்த அவருடைய 'நிலக்கடல்' கதையில், ஒவ்வொரு பொருளுக்கும் தொல்மொழியில் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதனை அறிந்தவனே அப்பொருளை ஆள்வான். ஆகவே மாந்தர் தம் மெய்ப்பெயரை உயிரனைய நண்பர்க்கன்றிப் பிறர்க்குக் கூறார். மந்திரம் என்பது அங்கே மாயக்கோல் வீச்சு அன்று. சரியான சொல்லைக் கற்றலே மந்திரம். பள்ளி ஆசிரியனாகிய எனக்கு இதைவிடப் பிடித்த மந்திரம் வேறில்லை.

வெள்ளிப்பாளமும் சொல்லின் எச்சமும்

இனிப் புதியவற்றுக்கு வருவோம். 2022இல் வெளிவந்த 'பாபெல்' என்னும் புதினத்தை எழுதியவர் ஆர். எப். குவாங் என்னும் பெண்மணி. சீனத்தில் பிறந்து, நான்காம் அகவையில் அமெரிக்காவிற் குடியேறியவர். கதை நிகழ்வது 1830களின் ஆக்சுபோர்டில். அங்கே மொழிபெயர்ப்புக்கென ஒரு கோபுரம். அக்கோபுரத்தில் வெள்ளிப்பாளங்களின் மீது இருவேறு மொழிச் சொற்களைப் பொறிக்கின்றனர். ஒரு மொழிச் சொல்லை மற்றொரு மொழியிற் பெயர்க்கும்போது எது விடுபட்டுப் போகின்றதோ, அந்த எச்சமே வெள்ளியின் வழியாக ஆற்றலாக வெளிப்படும். அவ்வாற்றலால் கப்பல் விரையும், வண்டி ஓடும், நோய் தீரும். பிரித்தானியப் பேரரசே அவ்வெள்ளியின்மேல் நிற்கின்றது.

எச்சம் என்றால் என்ன என்பதை நம் மொழியைக் கொண்டே விளக்குகின்றேன். 'ஊடல்' என்னும் சொல்லை ஆங்கிலத்திற் பெயர்த்துப் பாருங்கள். சினம் என்னும் பொருளில் ஒரு சொல்லைப் போட்டால் அன்பு விடுபடும். பிணக்கு என்னும் பொருளில் ஒரு சொல்லைப் போட்டால் இனிமை விடுபடும். எந்தச் சொல்லைப் போட்டாலும் ஏதோ ஒன்று வெளியே நிற்கும். வெளியே நிற்கும் அந்த ஒன்றுதான் ஒரு மக்களினத்தின் வாழ்வு. குவாங்கின் கதையில் அதனைத்தான் வெள்ளியில் அடைத்து விற்கின்றனர்.

அக்கதையில் ஒரு நுட்பம் உண்டு. ஆங்கிலமும் அதன் அண்டை ஐரோப்பிய மொழிகளும் நெடுங்காலமாகச் சொற்களைக் கொண்டும் கொடுத்தும் கலந்துவிட்டமையால், அவற்றிடையே வேறுபாடு குறைந்து, வெள்ளியும் ஆற்றல் குன்றி வருகின்றது. ஆகவே கோபுரத்தார் கிழக்கே திரும்புகின்றனர். சீனம் முதலிய தொலைநாட்டு மொழிகளைத் தாய்ப்பாலோடு பருகிய பிள்ளைகளைத் தேடிப் பிடித்து வருகின்றனர். மொழிகள் வேறுபாடு இழந்தால் ஆற்றல் இழக்கும்! மறைமலையடிகள் 1916இல் தொடங்கிய இயக்கம் நூறாண்டுக்கு மேலாகக் கூறிவரும் கருத்தின் சாயல் ஒன்று, அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரின் கதையில் தோன்றுகின்றது. நூலாசிரியர் தனித்தமிழ் போன்றதொரு கொள்கைக்காக இதனை எழுதினார் என்று நான் கூறவில்லை. சொற்கள் நாடுவிட்டு நாடு சென்று பொருள் மாறும் வழிகளை அவர் பெருவிருப்பத்தோடு விளக்குகின்றார். ஆயினும், கலப்பினால் எதுவும் குறைவதில்லை என்போர்க்கு இப்பகுதியைப் படிக்கக் கொடுக்கலாம்.

கதைத்தலைவன் காண்டன் நகரத்துச் சிறுவன். கக்கல் கழிச்சல் நோயில் தாயை இழந்த அவனை ஓர் ஆங்கிலப் பேராசிரியர் காப்பாற்றி அழைத்துச் செல்கின்றார். 'ஆங்கிலேயர் நாவில் வரும் பெயர் ஒன்றைத் தேர்ந்துகொள்' என்கின்றார். அவன் 'இராபின் சுவிப்டு' ஆகின்றான். அவனுடைய சீனப் பெயர் என்ன? ஐந்நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் நூலில் அது நமக்குச் சொல்லப்படவே இல்லை. பல நூறு சொற்களின் வேரும் வரலாறும் விளக்கப்படும் ஒரு கதையில், தலைவனின் பெயர் மட்டும் விளக்கப்படாமல் இருக்கின்றது. அந்த ஒரு வெற்றிடம் எழுப்பும் துயரை வேறு எந்தப் பக்கமும் எழுப்பவில்லை. பின்னர் அவனுடைய மொழியறிவே, அவன் பிறந்த நாட்டின்மேல் அபினியைத் திணிக்கும் போருக்குக் கருவியாகின்றது. தாய்மொழி அறிவைத் தாய்நாட்டுக்கு எதிராகவே திருப்பும் கொடுமையை இதைவிடத் தெளிவாகக் காட்டிய கதையை நான் படித்ததில்லை.

குறைகளையும் கூறவேண்டும். ஆசிரியர்க்குப் படிப்போர்மீது நம்பிக்கை குறைவு. நாம் உணர்ந்துவிட்ட ஒன்றை மீண்டும் மீண்டும் விளக்குகின்றார். அடிக்குறிப்பிலும் வந்து விளக்குகின்றார். ஆங்கிலக் கதைமாந்தருள் பலர் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டுள்ளனர். பகைவனுக்கும் ஒரு நெஞ்சம் உண்டு என்று காட்டும்போதுதான் கதை வழக்குரையினின்று விலகி இலக்கியமாகின்றது. ஆனால் இக்குறைகளால் நூல் சாய்ந்துவிடவில்லை. அமெரிக்க எழுத்தாளர்கள் வழங்கும் நெபுலா விருதை அது பெற்றது. 2023இல் சீனத்துச் செங்குடு நகரில் வழங்கப்பட்ட யூகோ விருதுக்கோ, கரணியம் எதுவும் கூறாமல் அது தகுதியற்றதென ஒதுக்கப்பட்டது. இறுதிப் பட்டியலில் இடம்பெறப் போதிய வாக்குகள் அதற்கு இருந்தன என்பது 2024 தொடக்கத்தில் கணக்கு வெளியானபோதுதான் தெரிந்தது. மொழியையும் ஆட்சியையும் பற்றிப் பேசும் நூல்கள் அமைதியாக உறங்க விடப்படுவதில்லை.

மறதியைப் பற்றிய இரு கதைகள்

அடுத்து, சப்பானிய எழுத்தாளர் யோக்கோ ஓகாவா எழுதிய 'நினைவுக் காவலர்' என்னும் கதை. 1994இல் சப்பானிய மொழியில் வெளிவந்து, 2019இல் ஆங்கிலத்திற் பெயர்க்கப்பட்டு, அதன் பின்னரே உலகம் முழுதும் பேசப்பட்டது. ஒரு தீவு. அங்கே ஒவ்வொன்றாகப் பொருள்கள் மறைகின்றன. நாடா, மணி, மரகதம், அஞ்சல்தலை, நறுமணநீர் என்று தொடங்கி, பறவை போகின்றது, பூ போகின்றது. பொருள் மட்டுமா போகின்றது? அதன் நினைவும் போகின்றது. 'பறவை' என்று சொன்னால் அங்குள்ளோர் நெஞ்சில் எதுவும் அசைவதில்லை. மறவாத சிலரைத் தேடிப் பிடித்துச் செல்வதற்கென்றே காவலர் படை இருக்கின்றது. கதை சொல்லும் பெண் ஒரு புதின ஆசிரியர். தம் நூல்களைச் செப்பம் செய்பவர் மறவாதவர் என்று அறிந்து, அவரை வீட்டின் தளத்துக்கடியில் மறைத்து வைக்கின்றார். ஒருநாள் புதினமே மறைந்து போகின்றது. மக்கள் தாமே நூல்களைக் கொண்டுவந்து நெருப்பிலிடுகின்றனர்.

இதில் அச்சந்தருவது காவலர் அல்லர்; மக்களின் அமைதியே. யாரும் அழுவதில்லை, யாரும் எதிர்ப்பதில்லை. 'போனது போயிற்று, இன்னும் எவ்வளவோ இருக்கின்றதே' என்று அன்றாட வேலையைப் பார்க்கின்றனர். ஒரு மொழி இறப்பதும் இப்படித்தான் அல்லவா? எவனும் வாளெடுத்து வந்து ஒரு மொழியை ஒரே நாளில் வெட்டுவதில்லை. இன்றைக்கு ஒரு சொல் போகும், 'அதனால் என்ன?' என்போம். நாளைக்கு மற்றொன்று போகும். குறிஞ்சி நிலத்துப் பூக்களின் பெயர்களை நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அளவைப் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள். தீவு எங்கோ இல்லை என்பது விளங்கும்.

இதற்கு மறுபக்கத்தைக் காட்டுவது, கசுவோ இசிகுரோ 2015இல் வெளியிட்ட 'புதையுண்ட அரக்கன்'. சப்பானில் 1954இல் பிறந்து, ஐந்தாம் அகவையில் இங்கிலாந்துக்குச் சென்று, ஆங்கிலத்தில் எழுதி, 2017இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். ஆர்தர் மன்னனுக்குப் பிற்பட்ட பழைய பிரித்தனில் ஒரு மூடுபனி மக்களின் நினைவை விழுங்கிக்கொண்டிருக்கின்றது. ஒரு கிழவனும் கிழவியும் மகனைத் தேடிப் புறப்படுகின்றனர். அம்மூடுபனி ஒரு பறக்கும் பெரும்பாம்பின் மூச்சு. பிரித்தருக்கும் சாக்சனியருக்கும் இடையே நடந்த கொடுங்கொலைகளை மக்கள் மறந்தால்தான் அமைதி நிலைக்கும் என்று கருதி, வேண்டுமென்றே பரப்பப்பட்ட மறதி அது. பாம்பைக் கொன்றால் நினைவு மீளும். நினைவு மீண்டால் பகையும் மீளும். கிழவனுக்கும் கிழவிக்கும் அதே சிக்கல்தான். மறந்துபோன பழைய வடுக்கள் நினைவுக்கு வந்த பின்னும் நம் அன்பு நிற்குமா என்று அஞ்சுகின்றனர்.

நினைவு வேண்டும் என்று ஓகாவாவின் கதை உருகுகின்றது. நினைவுக்கு விலை உண்டு என்று இசிகுரோவின் கதை எச்சரிக்கின்றது. பழம்பெருமை பேசும் எந்த இனமும் இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பது நலம். என்னைக் கேட்டால், விலை எவ்வளவாயினும் நினைவே வேண்டும் என்பேன். பொய்யான அமைதி, பாம்பு உயிரோடு இருக்கும்வரைதான். ஆனால், நினைவைப் பெறுவோர் அதனைப் பழிவாங்கும் வாளாக்காமல் காக்கும் பொறுப்பையும் உடன் பெறுகின்றனர். இசிகுரோவின் நடையிலும் ஒரு குறை உண்டு. கதைமாந்தர் அனைவரும் ஒரே மெல்லிய குரலிற் பேசுவதால், நடுப்பகுதி நம்மையும் மூடுபனிக்குள் தள்ளிவிடுகின்றது. முடிவில் படகுக்காரன் வரும் பகுதி அக்குறையை மறக்கடிக்கும்.

பேச்சிழந்த பெண்

நான்காவது நூலில் மந்திரமும் இல்லை, பாம்பும் இல்லை. உலகியல் வழக்கில் அமைந்த சிறு புதினம் அது. கொரிய எழுத்தாளர் ஆன் காங் 2011இல் எழுதிய 'கிரேக்கப் பாடங்கள்'. 2023இல் ஆங்கிலத்தில் வந்தது. அடுத்த ஆண்டே அவர் நோபல் பரிசு பெற்றார். பேச்சை இழந்துவிட்ட ஒரு பெண், பழங்கிரேக்க மொழி வகுப்பில் சேர்கின்றாள். கற்பிக்கும் ஆசிரியரோ சிறிது சிறிதாகப் பார்வையை இழந்து வருபவர். மணவாழ்வு முறிந்து, பெற்ற மகனையும் பிரிந்த அவளுக்குத் தாய்மொழிச் சொல் ஒவ்வொன்றும் ஊசியாய்க் குத்துகின்றது. எவரும் பேசாத மொழியில் அவளுக்கு எந்தப் புண்ணும் இல்லை. அதனால்தான் அம்மொழியை நாடுகின்றாள்.

இந்நூலைப் படித்தபோது ஓரிடத்தில் நூலை மூடி வைத்துவிட்டேன். பழைமையாலும் இலக்கணச் செப்பத்தாலும் வியக்கப்படும் ஒரு மொழி, வகுப்பறைக் கரும்பலகையில் மட்டும் வாழ்கின்றது. அதனைக் கற்போர் சிலர்; அதில் சண்டையிடுவோர் எவருமிலர்; அதில் குழந்தையைத் தாலாட்டுவோர் எவருமிலர். தமிழுக்கு 2004இல் செம்மொழி என்னும் ஏற்பு கிடைத்தது. மகிழ்ந்தோம், மகிழ வேண்டியதுதான். ஆனால், செம்மொழி என்னும் மணிமுடி, அம்மொழி சந்தையிலும் சமையற்கட்டிலும் பிள்ளைகளின் கதைநூலிலும் வாழும்போதுதான் பெருமை. அல்லாவிடில் அது கண்ணாடிப் பேழைக்குள் வைத்த முடி.

நாம் செய்ய வேண்டுவன

நான் கூறிய புதிய நூலாசிரியர் நால்வரையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இருவர் இளம் அகவையிலேயே பிறந்த நாட்டை விட்டு நீங்கி ஆங்கிலத்தில் எழுதுவோர். அவ்விருவரும் எழுதியது, இழந்த பெயரையும் இழந்த நினைவையும் பற்றி. மற்ற இருவரும் தம் தாய்மொழியிலேயே எழுதினர். உலகம் அவர்களிடம் வந்து மொழிபெயர்த்துக்கொண்டு போயிற்று. தாய்மொழியில் எழுதினால் உலகம் திரும்பிப் பாராது என்பார்க்கு ஆன் காங்கே விடை.

ஆகவே, அந்த அன்பரின் வினாவுக்கு என் விடை இது. இக்கதைகளைப் படியுங்கள். பிள்ளைகள் கையிலிருந்து பறிக்காதீர்கள். பறித்தால் அவர்கள் வெறுக்கப்போவது கதையை அன்று. எந்த மொழியின் பெயரால் பறித்தீர்களோ அந்த மொழியை. பறிப்பதற்கு மாறாக, "படித்ததை எனக்குத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். என் வகுப்பில் நான் செய்வது அதுதான். ஒருமுறை, ஆரி பாட்டர் கதையில் வரும், போர்த்தியவரைக் கண்ணுக்குத் தோன்றாமல் மறைக்கும் போர்வைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று கேட்டேன். ஒரு மாணவன் 'மறைபோர்வை' என்றான். பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து 'கரவாடை' என்றாள். கரவு என்னும் சொல்லை அவள் குறட்பாடத்தில் கற்றிருந்தாள். தேர்வுக்காகக் கற்ற சொல் அன்றைக்குத்தான் உயிர் பெற்றது. அதன்பின் அவ்வகுப்பில் எவரும் அப்போர்வையை ஆங்கிலத்தில் கூறவில்லை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்களை ஒலிபெயர்த்துவிட்டு மொழிபெயர்த்ததாக எண்ணாதீர்கள். மக்கட்பெயர் அப்படியே இருக்கட்டும். பொருளோடு அமைந்த இடப்பெயரையும் கருவிப்பெயரையும் தமிழாக்குங்கள். தோல்கீன் வகுத்த நெறி நமக்கும் பொருந்தும்.

தமிழில் மிகுபுனைவு எழுத முனையும் இளைஞர்க்கும் ஒன்று கூறுவேன். அயல்நாட்டுக் கோட்டையையும் பனிமலையையும் கடன் வாங்காதீர்கள். கடல்கொண்ட ஊர்களும், நடுகல்லாய் நிற்கும் மறவரும், மலையில் உறையும் சூரும் அணங்கும் நம்மிடம் உண்டு. சொல் இருக்கின்றது, நிலம் இருக்கின்றது, எழுதும் கைதான் வேண்டும்.

பெயரை இழந்த சிறுவனையும், பறவையை மறந்த தீவையும், மூடுபனியில் நடந்த கிழவரையும், பேச்சிழந்த பெண்ணையும் கண்டோம். அவர்கள் அனைவரும் இழந்த பின் தேடியவர்கள். நமக்கோ இன்னும் முழுதும் இழக்காத ஒரு மொழி வாயில் இருக்கின்றது. இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும், உங்கள் பிள்ளையோ பெயரனோ பெயர்த்தியோ படித்த கதையைத் தமிழிற் சொல்லச் சொல்லி, குறுக்கிடாமல் கேளுங்கள். ஒரு சொல் கிடைக்காமல் குழந்தை தடுமாறும்போது மட்டும் அச்சொல்லை எடுத்துக் கொடுங்கள்.